மூடிய அறைக்கு ஒரு காற்றாடி

கும்மிடிப்பூண்டி
14.04.2024

அன்புள்ள ஹெலன் அக்காவுக்கு,

பிரின்சி எழுதுவது. வருகிற கடிதங்களை உங்கள் மடத்து மதர் பிரித்துப் படித்துவிட்டுத்தான் கொடுப்பார்கள் என்று சொல்லியிருக்கிறாய். அதனால் மதருக்கும் வணக்கம்.

ஜனவரியில் நீ ஏற்காட்டிலிருந்து சென்னை ஆஸ்பத்திரிக்கு வந்தபோது அப்பா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். "சாமியப் பாத்துக்கினு இருக்கறேன்னு தானே போனே? அங்கியே பாரு" என்றார். நீ அழுதுகொண்டே படியிறங்கினாய். அதற்குப் பிறகு உன்னிடமிருந்து ஒரு வரியும் இல்லை. நானும் எழுதவில்லை. எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. இப்போது ஒரு காரணம் கிடைத்திருக்கிறது.

மார்ச்சில் அப்பாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இரும்பு மில்லில் உலைக் குழம்பு தெறித்த இடங்களில், கழுத்திலும் மார்பிலும் இரண்டு கைகளிலும், புண் இன்னும் முழுதாக ஆறவில்லை. ஆறிய இடத்தில் தோல் பிளாஸ்டிக் மாதிரி பளபளவென்று இருக்கிறது. அந்தத் தோலில் வியர்வை வராதாம். கட்டு மாற்ற வரும் நர்ஸம்மா சொன்னார்கள். உடம்புச் சூடு வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே நிற்கும், எப்போதும் காற்று பட வேண்டும் என்றார்கள். கையோடு இன்னொன்றும் சொன்னார்கள்: "ஜன்னலத் தொறக்காத. கரி புண்ணுல பட்டா சீழ் வெச்சிடும்."

மில் கரி படிகிற நம் லைன் வீடுகளைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. காலையில் துடைத்த தட்டில் மதியம் விரலால் பேர் எழுதலாம். அதனால் ஜன்னலை மூடி, கொசுவலை கட்டி, ஃபேனைப் போட்டு அவரைப் படுக்க வைத்திருக்கிறேன். வெயில் ஆரம்பித்ததும் கரண்ட் போகத் தொடங்கிவிட்டது. சில நாள் பகல் முழுவதும் இல்லை. நான் அட்டையால் விசிறுகிறேன். கை ஓய்ந்து தூங்கிவிட்டால் அவர் என்னை எழுப்புவதில்லை. விழித்துப் பார்த்தால் பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்கிறார்.

வெளியே கடல்காற்று கூரைத் தகரத்தைத் தூக்குகிற மாதிரி அடிக்கிறது அக்கா. அதை உள்ளே விட முடியாது. அந்தக் காற்றைக் கரண்ட் ஆக்கி, கம்பி வழியாக உள்ளே கொண்டுவந்து, மறுபடி காற்றாக்க முடியுமா? சோலார் இங்கே சரிப்படாது. சின்னப்பொண்ணு அக்கா வீட்டுக் கூரையில் இருக்கும் பலகை கரி மூடி அடுப்புக்கல் மாதிரி ஆகிவிட்டது. இன்வெர்ட்டர் வாங்கப் பணமில்லை.

நீ எலெக்ட்ரிகல் டிப்ளமோ முடித்தவள். எனக்கு ஒரு படம் வரைந்து அனுப்பு. ரஷீத் பாயின் பழைய இரும்புக் கடையில் நீல டிரம்கள் கிடக்கின்றன. ஒரு எலெக்ட்ரிக் சைக்கிளின் பின்சக்கரமும் பார்த்தேன். நடுவில் உருண்டையாக மோட்டார் இருக்கிறது.

நான் எழுதுவது அப்பாவுக்குத் தெரியாது.

பிரின்சி


ஏற்காடு
22.04.2024

அன்பு பிரின்சிக்கு,

இயேசுவின் சமாதானம் உன்னோடு இருக்கட்டும். உன் கடிதத்தைக் கோயிலில் உட்கார்ந்து படித்தேன். இங்கே காலையில் பனி ஜன்னல் வழியாக உள்ளே வந்துவிடுகிறது. நான் எழுந்து போய்க் கதவைச் சாத்தினேன். குளிர்ந்த காற்று படுவதே தப்பு மாதிரி இருந்தது.

முடியும். நீ கேட்டது முடியும். தாளின் பின்பக்கம் படம் வரைந்திருக்கிறேன்.

பெரிய காற்றாலை மாதிரி மூன்று இறக்கை வைத்தது நமக்கு வேண்டாம். அது காற்று வரும் திசைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். நம் தெருவில் மில் சுவர்களுக்கு நடுவே காற்று எந்தப் பக்கமிருந்து வரும் என்று காற்றுக்கே தெரியாது. செங்குத்தாக ஒரு குழாயை நிறுத்தி, அதைச் சுற்றிச் சுழல்கிற மாதிரி செய். டிரம்மை மேலிருந்து கீழாக இரண்டாக அறு. இரண்டு பாதிகளையும் நேருக்கு நேர் வைக்காமல், ஒன்றையொன்று கொஞ்சம் தாண்டி நிற்கும்படி நகர்த்தி, குழாயோடு சேர்த்து போல்ட் போடு. ஒரு பாதியின் வயிற்றில் காற்று தங்கும், மற்றதன் முதுகில் வழுக்கிப் போகும். அந்த வித்தியாசத்தில்தான் சுற்றும். மெதுவாகத்தான் சுற்றும். அதனால் குழாயின் அடியில் சைக்கிளின் பெரிய பல்சக்கரத்தை வைத்து, சங்கிலியை மோட்டார் சக்கரத்தின் சின்னப் பல்சக்கரத்துக்குப் போடு. டிரம் ஒரு சுற்றுச் சுற்றினால் மோட்டார் கிட்டத்தட்ட மூன்று சுற்றுச் சுற்றும்.

மோட்டாரிலிருந்து மூன்று தடித்த கம்பிகள் வரும். கரண்டை பேட்டரிக்கு ஏற்றபடி ஒரே திசையில் ஓடவைக்கும் சாமான் ஒன்று உண்டு, கடையில் ரெக்டிஃபையர் என்று கேட்டு வாங்கி அதில் கொடு. அதிலிருந்து ஒரு பழைய ஆட்டோ பேட்டரிக்கு. பேட்டரியிலிருந்து காருக்குள் மாட்டுகிற சின்ன ஃபேனுக்கு.

நீ செய்துவிடுவாய். மிக்ஸியைப் பிரித்து மறுபடி மாட்டியபோது உனக்குப் பத்து வயது.

ஒன்று மட்டும். படம் நான் வரைந்தது என்று அப்பாவிடம் சொல்லாதே. சொன்னால் அந்தக் காற்றும் வேண்டாம் என்பார். அவர் கூப்பிடாமல் நான் அந்த வாசலுக்கு வரமாட்டேன். இது கோபம் இல்லை. சுவரைப் பார்த்துத் திரும்பின அந்தத் தலையை இன்னொரு தடவை பார்க்க எனக்குத் தெம்பில்லை.

ஹெலன்


கும்மிடிப்பூண்டி
06.05.2024

அக்கா,

ரஷீத் பாய் கடையில், வெளியாட்கள் முன்னால் எப்போதும்போல, நான் வாயைத் திறக்கவில்லை. வேண்டியதை எல்லாம் துண்டுத் தாளில் எழுதிக்கொண்டு போய் நீட்டினேன். "இன்னாம்மா, எழுதிக்கினு வந்து நீட்றே? நான் இன்னா பேங்க்கா வெச்சிக்கினு கீறேன்?" என்று கேட்டுவிட்டு, அவரே சிரித்துக்கொண்டு எல்லாவற்றையும் தேடி எடுத்துத் தந்தார். அப்பாவோடு மில்லில் வேலை பார்த்த தேசப்பன் அண்ணன் குழாயையும் சட்டத்தையும் வெல்டு வைத்துத் தந்தார். டிரம்மை அறுத்து, ஓட்டை போட்டு, போல்ட் முறுக்கியது நான். கையெல்லாம் நீலத் துருவல்.

நேற்று கூரைச் சுவரில் நிறுத்தினோம். "இது இன்னாது பிரின்சி, தண்ணித் தொட்டியா, கோயில் தேரா?" என்று தேசப்பன் அண்ணன் கேட்டார். தெருவே வந்து நின்றது. காற்று வந்ததும் டிரம் திரும்பியது. முதலில் யோசிக்கிற மாதிரி ஒரு சுற்று, அப்புறம் வேகமாக. பிள்ளைகள் கைதட்டினார்கள். எனக்கு அழுகை வந்தது.

ஃபேன் சுற்றவில்லை.

டிரம் சுற்றுகிறது, பெரிய பல்சக்கரம் சுற்றுகிறது, சங்கிலி ஓடுகிறது, சின்னப் பல்சக்கரமும் டிக்டிக் என்று சுற்றுகிறது. மோட்டார் மட்டும் செத்தது மாதிரி அசையாமல் கிடக்கிறது. எல்லாவற்றையும் கழற்றி மாட்டினேன். அதேதான். "படிச்ச புள்ள செஞ்சா ஓடும். நீ இன்னாத்துக்குப் பேஜாரு பட்டுக்கினு" என்று கீழே யாரோ சொன்னார்கள். யார் என்று பார்க்கவில்லை.

நேற்று முழுதும் கரண்ட் இல்லை. அட்டையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அப்பா ஜுர மயக்கத்தில் அம்மாவின் பேரைச் சொல்லித் தண்ணீர் கேட்டார். அம்மா போய் மூன்று வருடம் ஆகிறது.

இதை எழுதக்கூடாது என்று இரண்டு முறை கிழித்தேன். எழுதிவிடுகிறேன், மதர் படித்தாலும் சரி. அம்மா படுத்தபோது யாராவது ஒருத்தி வீட்டில் இருக்க வேண்டும் என்றார்கள். நான் ஒன்பதாம் வகுப்புப் பையை ஆணியில் மாட்டினேன். நீ பாலிடெக்னிக் போனாய். நீ படித்து முடித்து வேலைக்குப் போனதும் நான் மறுபடி போகலாம் என்று நீதான் சொன்னாய். நீ படித்து முடித்ததும் மலைக்குப் போனாய். இப்போது நீ அனுப்பிய படமும் ஓடவில்லை.

பிரின்சி


ஏற்காடு
13.05.2024

பிரின்சி,

தப்பு என்னுடையது. டிரம் எதிர்ப்பக்கமாகச் சுற்றுகிறது. சின்னப் பல்சக்கரம் ஒரு பக்கம் சுற்றினால்தான் மோட்டாரைப் பிடித்து இழுக்கும், மறுபக்கம் சுற்றினால் வழுக்கும். சைக்கிளில் பெடலைப் பின்னால் மிதிப்பது மாதிரி. நான் படத்தை மேலே இருந்து குனிந்து பார்ப்பதுபோல வரைந்தேன். பாலிடெக்னிக்கில் அப்படித்தான் வரைவோம். அதைத் தாளில் எழுதவில்லை. நீ கூரைக்குக் கீழே நின்று, தாளைத் தலைக்கு மேல் பிடித்து அண்ணாந்து பார்த்திருப்பாய். அப்படிப் பார்த்தால் வலது இடதாகிவிடும்.

எதையும் புதிதாக அறுக்க வேண்டாம். டிரம்மைக் கழற்றித் தலைகீழாக மாட்டு. அவ்வளவுதான்.

மற்றதற்கு நான் என்ன பதில் எழுதுவது? நீ எழுதியது எல்லாம் உண்மை. உனக்குத் தெரியாத ஒன்றை மட்டும் சொல்கிறேன். அப்பா என்மேல் கோபப்பட்டது நான் கன்னியாஸ்திரி ஆவதற்காக என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். நான் கிளம்பின அன்று நீ குழாயடியில் இருந்தாய். அப்போது அவர் சொன்னது இது: "சின்னவ படிப்ப வுட்டா, நீ படிச்சே. ரெண்டு புள்ள படிப்பு உன் ஒருத்திகிட்ட கீது. அத அப்டியே எடுத்துக்கினு போறியே, அவளுக்கு இன்னாத்தக் குடுத்துட்டுப் போறே?"

நான் பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கிவிட்டேன். தினமும் ஜெபத்தில் முழங்கால் போடும்போது முதலில் வருவது அந்தக் கேள்விதான்.

டிரம்மைத் திருப்பி மாட்டு. ஓடினால் ஒரு வரி எழுது.

ஹெலன்


கும்மிடிப்பூண்டி
30.05.2024

அன்புள்ள அக்காவுக்கு,

ஓடுகிறது.

தேசப்பன் அண்ணன் டிரம்மைத் தூக்கிப் பிடிக்க, நான் தலைகீழாக மாட்டினேன். இந்த முறை தெருவில் யாரையும் கூப்பிடவில்லை. காற்று வந்ததும் சங்கிலி கடகடவென்று இழுத்தது. மோட்டார் சக்கரம் கனத்துப்போய் மெல்லத் திரும்பியது. பேட்டரிப் பக்கம் ஓடிப்போய் மீட்டரை வைத்துப் பார்த்தார் அண்ணன். "ஏறுது பிரின்சி, ஏறுது!" என்று கத்தினார். நான் கூரையிலிருந்து இறங்கவே இல்லை. இறங்கினால் நின்றுவிடும் என்று பயம்.

அப்பாவிடம் சொல்லவில்லை. காருக்கு மாட்டுகிற ஃபேனைக் கொசுவலைக்குள் கால்மாட்டில் கட்டி வைத்தேன். ஏதோ சாமான் என்று நினைத்திருப்பார். நேற்று மதியம் கரண்ட் போனது. மேலே ஃபேன் சோர்ந்து நின்றது. அவர் கண்ணை மூடிக்கொண்டார், அட்டை வரும் என்று. நான் பட்டனை அழுத்தினேன்.

காதோரம் முடி அசைந்தது. கண்ணைத் திறந்தார்.

"கரண்ட் வந்துட்ச்சா?"

"இல்லப்பா."

"அப்போ இது இன்னா?"

"வெளிய அடிக்கிற காத்துப்பா. ஒயர்ல வருது."

அப்பா கைக்கட்டுகளை மெதுவாகத் தூக்கிக் காற்றுக்கு நேராகப் பிடித்தார், குளிர்காலத்தில் அடுப்புக்கு நேராகப் பிடிப்போமே, அதுமாதிரி. "யாரு செஞ்சது?" என்றார்.

நீ சொல்லாதே என்று எழுதியிருந்தாய். ஆனால் அப்பா அன்று கேட்டது என்ன என்றும் எழுதியிருந்தாய். அதனால் சொன்னேன்: "அக்காப்பா. எல்லாம் அக்கா வரைஞ்சு அனுப்பினது. அது படிச்ச படிப்புப்பா."

"அவ படிச்சதா?"

"ஆமாப்பா."

"அந்தப் படிப்பு ஊட்டுக்கு வந்துட்ச்சா" என்றார். கேள்வி மாதிரி இல்லை. கண்ணோரம் தண்ணீர் இறங்கியது. கட்டுப் போட்ட கையால் அவரால் துடைக்க முடியாது. நான் துடைத்தால் பார்த்துவிட்டேன் என்று ஆகிவிடும். அதனால் ஃபேனைக் கொஞ்சம் மேலே திருப்பி வைத்தேன். அது காய்ந்துவிட்டது.

அப்புறம் சொன்னார், "கூப்டு அவள."

அக்கா, கூப்பிடுகிறார். வா.

பிரின்சி


ஏற்காடு
07.06.2024

அன்பு பிரின்சி,

"கூப்டு அவள" என்ற வரியைப் பல தடவை படித்தேன். பிறகு அதற்கு மேலே இருக்கும் வரியையும் படித்தேன். நீ பொய் சொல்லியிருக்கிறாய். டிரம்மை அறுத்தது நீ, போல்ட் முறுக்கியது நீ, வெயிலில் கூரைமேல் நின்றது நீ. நான் ஒரு தாளில் படம் போட்டேன், அதையும் தப்பாகப் போட்டேன். அப்பா கூப்பிடுவது அதைச் செய்தவளை. அவள் பக்கத்திலேயே இருக்கிறாள்.

அவரிடம் உண்மையைச் சொல். அதற்குப் பிறகும் கூப்பிட்டால் வருகிறேன்.

இதை எழுதிவிட்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். நான் எழுதியது முழுக் காரணம் இல்லை. மதரிடம் இன்னும் அனுமதி கேட்கவில்லை. கேட்டால் தருவார்கள், அதுதான் பயம். அந்தக் கொசுவலைக்குப் பக்கத்தில் ஒரு நாள் உட்கார்ந்தால் என்னால் மறுபடி மலையேற முடியுமா என்று தெரியவில்லை. இங்கே நான் சந்தோஷமாக இருக்கிறேன் பிரின்சி. அதை உனக்குச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

மாத முடிவில் பேதுரு பவுல் திருநாள் வரை எங்களுக்கு மௌன தியானம். அது முடியட்டும். கேட்டுவிட்டு வருகிறேன். அப்பாவிடம் வருவாள் என்று சொல்.

ஹெலன்


கும்மிடிப்பூண்டி
18.06.2024

அக்கா,

திருநாள் வரை வேண்டாம். இப்போதே வா.

சனிக்கிழமையிலிருந்து அப்பாவுக்குக் காய்ச்சல் இறங்கவில்லை. மார்புப் புண்ணில் ஒரு இடத்தில் பச்சையாகச் சீழ் வைத்திருக்கிறது. நர்ஸம்மா முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம் என்று தேசப்பன் அண்ணன் தினமும் வந்து கேட்கிறார். "பெரியவ வரட்டும். வந்து ஊடு பூட்டிக் கிடந்தா இன்னா நெனப்பா?" என்கிறார் அப்பா.

நீ சொன்னபடி உண்மையைச் சொன்னேன். அவர் சிரித்தார். சிரித்தால் மார்பு இழுத்து வலிக்கும், வலியோடே சிரித்தார். "எனக்குத் தெரியாதா? உன் கையில நீலமா கீதே" என்றார். அப்புறம், "அவ வரைஞ்சா, நீ செஞ்சே. ரெண்டு பேரும் பேசிக்கினு தான் இருந்திருக்கீங்க. நான் மட்டும் தான் தனியா கீறனா?" என்றார். லோக்கல் ரயில் சத்தம் கேட்டால், "பாரு, அதுல வராளா" என்கிறார். நீ வந்ததும் மெயினை அணைக்க வேண்டுமாம். அணைத்துவிட்டு உனக்கு அந்தக் காற்றைக் காட்ட வேண்டுமாம்.

நேற்று மடத்து நம்பருக்கு போன் பண்ணினேன். பக்கத்தில் யாரும் இல்லாத இடம் வேண்டும் என்று கூரைமேல் ஏறி நின்று பண்ணினேன். மணி அடித்தது. யாரோ ஒரு சிஸ்டர் எடுத்து, "இயேசுவுக்குப் புகழ், சொல்லுங்க" என்றார்கள். சொல்ல வேண்டியதை எல்லாம் கையில் எழுதி வைத்திருந்தேன். "ஹெலன் அக்காவின் தங்கை பேசுகிறேன்." இவ்வளவுதான் முதல் வரி. வரவில்லை அக்கா. "யாருங்க? ஹலோ?" என்று இரண்டு தடவை கேட்டார்கள். வைத்துவிட்டேன். சின்னப்பொண்ணு அக்காவையோ தேசப்பன் அண்ணனையோ பேசச் சொல்லலாம். சொல்வதற்கும் வாய் வர வேண்டுமே.

எனக்கு எழுதத்தான் வருகிறது. அதனால் எழுதுகிறேன். இந்தக் கடிதம் சீக்கிரம் வந்து சேரட்டும்.

பிரின்சி


ஏற்காடு
19.06.2024

பிரின்சிக் குட்டி,

உன்னிடமிருந்து பதில் வரும் என்று காத்திருந்து, வராததால் நானே முடிவு செய்துவிட்டேன். மௌன தியானத்தில் மௌனமாக இருக்க முடியவில்லை. இன்று காலை மதரிடம் போய் நின்றேன். நான் பாதிதான் சொன்னேன். "போன மாசமே நீ வந்து கேட்பேன்னு நெனச்சேம்மா" என்றார்கள். பத்து நாள் அனுமதி. வெள்ளிக்கிழமை இரவு சேலத்தில் வண்டி ஏறி, சனிக்கிழமை காலை நம் ஸ்டேஷனில் இறங்குவேன். இந்தக் கடிதம் எனக்கு முன்னால் வருமா, நான் இதற்கு முன்னால் வருவேனா தெரியவில்லை.

அப்பாவுக்கு மலைத்தேன் ஒரு பாட்டில் வாங்கியிருக்கிறேன். புண்ணுக்கு நல்லதாம். உனக்கு ஒரு கறுப்பு ஸ்வெட்டர் பின்னியிருக்கிறேன். கும்மிடிப்பூண்டிக்கு ஸ்வெட்டரா என்று சிரிக்காதே. எனக்கு இங்கே பின்னத்தான் கற்றுக்கொடுக்கிறார்கள். கறுப்பில் கரி தெரியாது.

இங்கே திங்கட்கிழமை ஒரு வேடிக்கை நடந்தது. யாரோ போன் பண்ணிவிட்டு ஒரு வார்த்தையும் பேசவில்லையாம். உஸ்ஸென்று காற்றும், கடகடவென்று ஏதோ வண்டி ஓடுகிற சத்தமும் மட்டும் கேட்டதாம். போனை எடுத்த கல்பனா சிஸ்டர் அதை அப்படியே நடித்துக் காட்டினாள். மதிய உணவு நேரத்தில் மட்டும் எங்களுக்குப் பேச அனுமதி. எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். தியான நாட்களில் சின்ன விஷயத்துக்கும் சிரிப்பு வந்துவிடுகிறது.

வருகிறேன். அந்தக் காற்றில் நானும் கொஞ்ச நேரம் உட்கார வேண்டும்.

ஹெலன்


கும்மிடிப்பூண்டி
02.07.2024

அக்கா,

நீ போய் இரண்டு நாள் ஆகிறது. இங்கே இருந்த நாட்களில் நாம் இரண்டு பேரும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. அதனால் எழுதுகிறேன்.

அப்பா வியாழக்கிழமை சாயங்காலம் போனார். கரண்ட் இல்லை. வெளியே நல்ல காற்று. ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. நான் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தேன். காதோரம் முடி அசைந்துகொண்டே இருந்ததால் அவர் போனது எனக்குத் தெரியவில்லை அக்கா. பக்கத்தில் வந்து ஸ்பூனை வாயருகே வைத்துக் கூப்பிட்ட பிறகுதான் தெரிந்தது.

தேசப்பன் அண்ணன் பங்குச் சாமியாரிடம் ஓடி, அவர் உங்கள் மடத்துக்கு போன் பண்ணினார். நீ வெள்ளிக்கிழமை மதியம் வந்தாய். தேன் பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டே பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாய். உன் வெள்ளை அங்கியில் கரி விழுந்து புள்ளி புள்ளியாக ஆனது. நீ தட்டிவிடவில்லை. அன்று சாயங்காலமே அடக்கம் செய்தோம்.

மறுநாள் மதியம் நீ அப்பா கட்டிலில் படுத்துத் தூங்கிவிட்டாய். அப்போது மேலே ஃபேன் நின்றது நினைவிருக்கிறதா? கரண்ட் போகவில்லை. மெயினை நான்தான் அணைத்தேன். அணைத்துவிட்டு உள்ளே வந்து பட்டனை அழுத்தினேன். உன் முக்காட்டு ஓரம் அசைந்தது. நீ கண் விழிக்கவில்லை. அப்பா உனக்குக் காட்ட நினைத்ததைக் காட்டிவிட்டேன். நீ பார்க்கவில்லை. ஆனால் உன்மேல் பட்டது.

திங்கட்கிழமை தபால்காரர் வந்தபோது நீதான் வாசலில் இருந்தாய். நீ எழுதிய கடிதத்தை நீயே வாங்கினாய். உறையைப் பார்த்துவிட்டு மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டாய். ஊருக்குப் போகும்போது அதைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டுப் போய்விட்டாய். மறந்து வைத்தாயா, எனக்காக வைத்தாயா தெரியவில்லை. படித்தேன். ஸ்வெட்டரைப் போட்டுப் பார்த்தேன். கை கொஞ்சம் நீளம்.

சாப்பிடும்போது எல்லோரும் சிரித்தீர்கள் என்று எழுதியிருந்தாய். உனக்கு எப்படித் தெரியும்? எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அந்தக் கடகட சத்தம் நம் சங்கிலிச் சத்தம் அக்கா. நீ வரைந்ததுதான்.

இன்னொரு விஷயம். பேட்டரி கொதிக்கிறது. இரவும் பகலும் காற்று அடிக்கிறது, டிரம் சுற்றிக்கொண்டே இருக்கிறது, கரண்டை வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. அதனால் காலிக் கட்டிலுக்கு ஃபேனைப் போட்டு வைத்திருக்கிறேன். ரஷீத் பாய், பேட்டரி வெடித்துவிடும், நிறுத்து என்றார். கையால் பிடித்து நிறுத்தப் பார்த்தேன், டிரம் என்னைத் தள்ளிவிட்டது. நிறுத்த வேண்டி வரும் என்று நீயும் நினைக்கவில்லை, நானும் கேட்கவில்லை. எப்படி நிறுத்துவது என்று எழுது.

பிரின்சி


ஏற்காடு
10.07.2024

அன்பு பிரின்சி,

திரும்பி வந்தபோது உன் ஜூன் பதினெட்டாம் தேதிக் கடிதம் என் மேசைமேல் இருந்தது. மதர் அதைப் பிரிக்கவில்லை. நானும் இரண்டு நாள் பிரிக்கவில்லை. பிரித்த பிறகு கல்பனாவிடம் போய், அன்று போனில் கேட்ட சத்தத்தை இன்னொரு தடவை செய்துகாட்டு என்றேன். அவள் சிரித்துக்கொண்டே ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டாள். என்ன என்று கேட்டாள். என் தங்கை என்றேன்.

அந்தக் கட்டிலில் நான் தூங்கவில்லை. கண்ணை மூடிப் படுத்திருந்தேன். நீ உள்ளே வந்ததும், பட்டனை அழுத்தியதும், என் தலைமாட்டில் நின்றதும் தெரியும். கண்ணைத் திறந்தால் உன்னிடம் ஏதாவது சொல்ல வேண்டும். என்னிடம் ஒரு வார்த்தையும் இல்லை. நீ சின்ன வயதிலிருந்து எப்படி இருக்கிறாய் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

நிறுத்துவது இப்படி. ரெக்டிஃபையரிலிருந்து மோட்டாரின் மஞ்சள், பச்சை, நீலக் கம்பிகளைக் கழற்று. மூன்றின் நுனிகளையும் ஒன்றாகச் சேர்த்து முறுக்கு. மோட்டார் தன்னைத்தானே இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், டிரம் நின்றுவிடும். பலத்த காற்றில் செய்யாதே. விடியற்காலையில் காற்று அடங்கியிருக்கும்போது செய். ரப்பர் செருப்புப் போட்டுக்கொள்.

மதரிடம் உன்னைப் பற்றிக் கேட்டேன். இங்கே சிஸ்டர்கள் நடத்தும் பள்ளியில் பத்தாவது நேரடியாக எழுத வைக்கலாமாம். விடுதியில் இடம் தருவார்கள். வருகிறாயா? அப்பாவுக்கு நான் சொல்லாத பதிலாக அது ஆகாது, தெரியும். இருந்தாலும் கேட்கிறேன்.

ஹெலன்


கும்மிடிப்பூண்டி
17.07.2024

அன்புள்ள அக்காவுக்கு,

பத்தாவது எழுத வருகிறேனா என்று கேட்டிருக்கிறாய். வரலாம் என்றுதான் தோன்றுகிறது. யோசித்து எழுதுகிறேன். வந்தால் அங்கே முதல் நாள் எல்லோர் முன்னாலும் பேர் சொல்லச் சொல்வார்களா என்று மட்டும் கேட்டு எழுது.

நேற்று விடியற்காலையில் கூரைமேல் ஏறினேன். மூன்று ஷிப்டு மில்லின் புகை நேராக மேலே போய்க்கொண்டிருந்தது, அவ்வளவு குறைந்த காற்று. டிரம் சும்மா அசைந்து அசைந்து சுற்றியது. மஞ்சள், பச்சை, நீலம் மூன்றையும் கழற்றினேன். சேர்த்து முறுக்கினேன். நீ எழுதியபடியே ஆனது. டிரம் ஒரு தடவை உடம்பை உதறியது, கொஞ்ச தூரம் திணறித் திணறி நகர்ந்தது, நின்றது. சங்கிலிச் சத்தமும் நின்றது.

சத்தம் நின்றால் காற்று ஓய்ந்துவிட்டது என்று அர்த்தம், அந்தப் பழைய பேட்டரி ரொம்ப நேரம் தாங்காது. உடனே உள்ளே போய் விசிற வேண்டும். அப்பா இருந்தவரை அப்படித்தான் இருந்தேன். அதனால் எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை அக்கா. "தோ வந்துட்டேம்ப்பா" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்திக்கொண்டு ஏணியில் இறங்கி ஓடினேன். கட்டில் வரைக்கும் போய்விட்டேன்.

பிரின்சி